நகைச்சுவை மேடை பொதுக்கூட்டமானபோது: தியூதொனே வழக்கு

2008 டிசம்பர் 26. பாரிஸ் ஸெனித் அரங்கில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர். தியூதொனே எம்பாலா எம்பாலா என்ற ஸ்டாண்ட்-அப் கலைஞர் தன் நிகழ்ச்சி முடியும் தறுவாயில் ஒரு விருந்தாளியை மேடைக்கு அழைக்கிறார். வந்தவர் ரோபேர் ஃபோரிசோன். எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர். ஹிட்லர் ஆட்சியில் யூதர்களைக் கொல்ல நச்சுவாயு அறைகளே இருக்கவில்லை என்று எழுதியும் பேசியும் பிரெஞ்சு நீதிமன்றங்களில் தண்டனை வாங்கியவர். அவருக்கு ஒரு பரிசு காத்திருந்தது: ‘அண்டக்கூடாதவர், அடங்காதவர்’ என்ற பொருளில் ஒரு பட்டம். பரிசைத் தூக்கிவந்த உதவியாளர் உடுத்தியிருந்தது, வதைமுகாம் கைதிகளின் கோடுபோட்ட உடுப்பு. நெஞ்சில் ‘யூதன்’ என்று எழுதிய மஞ்சள் நட்சத்திரம். பரிசுப் பொருள் மூன்று கிளை விளக்குத்தண்டு, கிளைக்கு ஒன்றாக மூன்று ஆப்பிள். யூதர்களின் வழிபாட்டு விளக்கைக் கேலி செய்வது என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அரங்கம் கைதட்டியது. ‘ஃபோரிசோன் சொல்வது சரி’ என்ற குரலும் அதற்குள்ளிருந்து எழுந்தது.

இனத்தை வைத்து நகைச்சுவை செய்யலாமா என்ற கேள்வி வரும்போதெல்லாம் வாதம் ஒரே இடத்தில் சுற்றிவரும். ‘எல்லாவற்றையும் சிரிக்கலாம்’ என்பார் ஒருவர், ‘மனம் புண்படுகிறது’ என்பார் மற்றவர். இரண்டுமே பயனில்லாத அளவுகோல்கள். தியூதொனே வழக்கு உதவுவது, அதில் ஒரே மனிதர் கோட்டின் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறார் என்பதால்தான். எந்தப் படியில் எது கழன்று விழுந்தது என்பதைத் தேதி வாரியாகப் பார்க்க முடிகிறது. ஆறு ஆண்டுகள் நீதிபதிகளும் அதையே பார்த்தார்கள்.

தியூதொனே 1966இல் பாரிஸ் புறநகரில் பிறந்தவர். தந்தை கேமரூன்காரர், தாய் பிரான்ஸின் பிரெத்தாஞ் பகுதிப் பெண். 1990களில் எலி செமூனுடன் சேர்ந்து அவர் நடத்திய இரட்டையர் நிகழ்ச்சி பிரான்ஸ் முழுக்கப் பிரபலம். செமூன் யூதர். ஒரு கறுப்பரும் ஒரு யூதரும் மேடையில் நின்று ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி வசைபாடுவதுதான் அவர்களுடைய சரக்கின் ஒரு பகுதி. இன்று எழுத்தில் படித்தால் சில வரிகள் கூசும். ஆனால் அந்த வசைகளுக்கு ஒரு கட்டுமானம் இருந்தது. வசை இரண்டு திசையிலும் போனது. பேசுகிறவன் தெளிவான ஒரு பாத்திரம்: அறியாமையும் அற்பத்தனமும் கொண்ட ஒரு முட்டாள். அவன் தன் வெறுப்பை அவிழ்க்க அவிழ்க்கத் தானே மாட்டிக்கொள்வான். சிரிப்பு விழுந்தது அவன்மேல்தான்.

மேடைக்கு வெளியிலும் அவர் நின்ற இடம் தெளிவாகவே இருந்தது. 1997 நாடாளுமன்றத் தேர்தலில் த்ரூ நகரில் தேசிய முன்னணி என்ற தீவிர வலதுசாரிக் கட்சியின் வேட்பாளரை எதிர்த்துப் போட்டியிட்டார். அதே ஆண்டில்தான் செமூனும் அவரும் பிரிந்தார்கள். கட்டுமானத்தின் முதல் கல் அப்போதே போய்விட்டது, யாரும் கவனிக்கவில்லை. பதிலுக்குப் பதில் கொடுக்கும் ஆள் மேடையில் இல்லாமல் போனார்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளலுக்கு உரை சொல்லும்போது பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் அதை இரண்டாகப் பிரிக்கிறார்: தான் பிறரை எள்ளி நகுவது, பிறர் தன்னை எள்ளியபோது தான் நகுவது. இரட்டையர் மேடையில் இரண்டும் இருந்தன. பிரிவுக்குப் பின் ஒன்றுதான் மிஞ்சியது.

அடுத்த படி 2000களின் தொடக்கம். கறுப்பின அடிமை வணிகத்தைப் பற்றிப் படம் எடுக்க அவர் கேட்ட அரசு நிதி கிடைக்கவில்லை. யூதப் படுகொலைக்கு நாடு நினைவுச்சின்னம் வைக்கிறது, அடிமைமுறைக்கு ஏன் இல்லை என்பது அவர் எழுப்பிய கேள்வி. கேள்வியில் நியாயம் இருந்தது. அடிமைமுறையை மானுடத்துக்கு எதிரான குற்றமாக அறிவிக்கும் சட்டமே பிரான்ஸில் 2001 மே மாதத்தில்தான் வந்தது. ஆனால் கேள்வி அரசை நோக்கிப் போகாமல் இன்னொரு சிறுபான்மையை நோக்கித் திரும்பியது. 2002இல் ஒரு பேட்டியில் யூதர்கள் ஒரு மதக்கும்பல், ஒரு மோசடி என்ற பொருள்படப் பேசினார். மதத்தைத்தான் விமர்சித்தேன் என்பது அவர் தரப்பு வாதம். கீழ் நீதிமன்றங்கள் அதை ஏற்று விடுவித்தன. 2007 பிப்ரவரி 16 அன்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்த விடுதலையை ரத்துசெய்தது. மத நம்பிக்கையைக் கேலிசெய்வது ஒன்று, பிறப்பால் ஒரு கூட்டத்தைச் சேர்ந்த மனிதர்களை இழிவுசெய்வது இன்னொன்று என்பது தீர்ப்பின் சாரம்.

நடுவில் 2003 டிசம்பர் 1. பிரான்ஸ் 3 தொலைக்காட்சியின் நேரலையில் பாலஸ்தீன நிலத்தில் குடியேறிய தீவிர யூதன் ஒருவனைப் போல வேடமிட்டு வந்தார்: ராணுவ உடை, முகமூடி, தொப்பியோடு தொங்கும் காதோரச் சுருள்முடி. கடைசியில் கையை உயர்த்தி, இஸ்ரேல் பெயரையும் நாஜி வணக்கத்தையும் ஒட்டவைத்து ஒரு முழக்கம். நாடே கொதித்தது. அவருடைய மேடைகள் ரத்தாயின, 2004 பிப்ரவரியில் புகழ்பெற்ற ஒலிம்பியா அரங்கமும் கையை விரித்தது. ஆனால் இந்த வழக்கில் அவர் விடுதலையானார். காட்டப்பட்ட பாத்திரம் யூதர் அனைவரையும் குறிக்கவில்லை, தன் அரசியல் கருத்தால் அடையாளம் காணப்படும் ஒரு வகையினரைக் குறித்தது என்று நீதிமன்றம் கண்டது.

இந்த விடுதலையைத் தாண்டிப் போய்விடக் கூடாது. மக்கள் நினைவில் அவர் கோடு தாண்டிய நாள் 2003. சட்டத்தின் கண்ணில் அன்று தாண்டவில்லை. பாத்திரம் இருந்தது, வேடம் இருந்தது, குறி ஓர் அரசியல் நிலைப்பாடு. மோசமான, மலிவான நகைச்சுவை என்று சொல்லலாம். ஆனாலும் நகைச்சுவை என்ற வடிவம் உடையவில்லை. 2006 வாக்கில் அவர் தேசிய முன்னணியின் விழாவுக்கே போய் நின்றார். 2008இல் அக்கட்சித் தலைவர் ழான்-மரீ லெ பென் தியூதொனேயின் குழந்தைக்கு ஞானத்தந்தை ஆனார். 1997இல் எதிர்த்து நின்ற அதே கட்சி.

இப்போது ஸெனித் மேடைக்குத் திரும்பலாம். இனம் சார்ந்த ஒரு ஜோக்கில் குறைந்தது நான்கு பாகம் இருக்கும். மேடையில் பேசும் குரல் யாருடையது, ஆளா பாத்திரமா? பீடிகையில் வைக்கப்படும் பொதுநம்பிக்கை எது? அதைக் கவிழ்க்கும் திருப்பம், அதாவது பஞ்ச், எங்கே? அடி யார்மேல் விழுகிறது? ஸெனித் காட்சியை இந்த நான்கில் வைத்துப் பிரித்தால் ஒவ்வொன்றாகக் காலி தெரியும்.

குரலில் பாத்திரம் இல்லை. தியூதொனே தன் சொந்தப் பெயரில், தன் சொந்த மனக்குறையோடு பேசினார். முந்தைய நிகழ்ச்சி ஒன்றை ஒரு விமர்சகர், போருக்குப் பிந்தைய மிகப் பெரிய யூத எதிர்ப்புக் கூட்டம் என்று வர்ணித்ததைச் சொல்லி, இந்தமுறை அதைவிடச் சிறப்பாகச் செய்ய வேண்டும் என்று நினைத்ததாக மேடையிலேயே அறிவித்தார். விருந்தாளியும் நடிகரல்லர். வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்த கருத்தை அன்றும் சொல்ல வந்த நிஜ மனிதர். பீடிகை இருந்தது: படுகொலையை மறுப்பவர் துணிச்சல்காரர், பழிவாங்கப்பட்டவர். திருப்பம் வரவே இல்லை. ஃபோரிசோன் பேசி முடித்த பிறகு அந்தப் பேச்சைக் கவிழ்க்க ஒரு வரிகூட இல்லை. அடி விழுந்தது, கோடுபோட்ட உடுப்பில் உண்மையாகவே செத்தவர்கள்மேல்.

மேடை அனுபவம் உள்ளவர்கள் உடனே கேட்பது இன்னொன்று: வந்தது சிரிப்பா, கைதட்டலா? சிரிப்பு தன்னையறியாமல் வெடிப்பது. எதிர்பாராத ஒன்று நடந்தால்தான் வரும். கைதட்டல் முடிவெடுத்துச் செய்வது, ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்று சொல்வது. ஒரு செட்டில், அதாவது கலைஞர் ஒரே தொடர்ச்சியாகச் செய்யும் மேடைப் பகுதியில், சிரிப்புக் குறைந்து கைதட்டல் கூடிக்கொண்டே போனால், கலைஞர் ஜோக் சொல்வதை விட்டுத் தீர்மானம் வாசிக்கத் தொடங்கிவிட்டார் என்று பொருள். நல்ல நோக்கமுள்ள அரசியல் நகைச்சுவையிலும் இது நடக்கும், அங்கே அலுப்போடு போய்விடும். இனத்தைப் பற்றிய மேடையில் அது அலுப்போடு நிற்காது.

பிரான்ஸில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 1881 ஜூலை 29இன் பத்திரிகைச் சட்டம் பிறப்பு, இனம், மதம் ஆகியவற்றை வைத்து ஒருவரையோ ஒரு கூட்டத்தையோ பொதுவெளியில் இழிவுபடுத்துவதைக் குற்றமாக்குகிறது. மானுடத்துக்கு எதிரான குற்றங்களை மறுப்பதைத் தண்டிக்கும் பிரிவு 1990 ஜூலையில் சேர்ந்தது. தியூதொனேமீது பாய்ந்தது முதல் வகை: பொது இழிவுபடுத்தல். 2009 அக்டோபர் 27 அன்று பாரிஸ் நீதிமன்றம் பத்தாயிரம் யூரோ அபராதம் விதித்தது. வழக்கில் சேர்ந்த அமைப்புகளுக்கு அடையாளமாக ஆளுக்கு ஒரு யூரோ. 2011 மார்ச் 17இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், 2012 அக்டோபர் 16இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தன. அவர் ஸ்ட்ராஸ்பூர் போனார்.

அங்குள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2015 அக்டோபர் 20 தேதியிட்ட முடிவில் மனுவை விசாரணைக்கே ஏற்காமல் தள்ளியது. இங்கேதான் வழக்கின் உயிர். ஐரோப்பிய உடன்படிக்கையின் 10ஆம் உறுப்பு பேச்சுரிமையைக் காக்கிறது. புண்படுத்தும், அதிர்ச்சியூட்டும் பேச்சுக்கும் அந்தக் காப்பு உண்டு என்பது அந்த நீதிமன்றத்தின் நெடுநாள் நிலைப்பாடு. 17ஆம் உறுப்பு, உரிமைகளை அழிப்பதற்காகவே உரிமையைக் கேட்டு வருபவருக்கு வாசலைச் சாத்துகிறது. வழக்கமாக அந்த உறுப்பு, விளக்கமே தேவைப்படாத நேரடி வெறுப்புப் பேச்சுக்குத்தான் போடப்பட்டுவந்தது. நகைச்சுவை வேடத்தில் வந்த ஒன்றுக்கு அதை நீட்டினார்கள். கலைப்படைப்பாக வேடமிட்டு வரும் வெறுப்பு, நேருக்கு நேரான தாக்குதலைப் போலவே ஆபத்தானது என்றார்கள்.

அவர்கள் எந்தச் சொல்லையும் எண்ணவில்லை. பார்த்தவை வேறு. அந்தப் பகுதி வந்ததும் நிகழ்ச்சி கேளிக்கை என்ற தன்மையை இழந்து பொதுக்கூட்டமாகிவிட்டது. விருந்தாளியின் பேச்சிலிருந்து கலைஞர் தன்னை ஒரு இடத்திலும் விலக்கிக்கொள்ளவில்லை. மறுப்புக் கருத்துதான் காட்சியின் நடுநாயகம், அதைச் சுமந்துவந்த கைதி வேடம் அதற்கு எடுபிடி. பார்வையாளர்களோ, சிலராவது, சரியாக அப்படித்தான் புரிந்துகொண்டார்கள், எழுந்த குரல்களே சாட்சி. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். அமெரிக்காவில் இதே காட்சிக்கு வழக்கே நிற்காது. ஆனால் தண்டனையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் தன்னைத்தானே கேட்க வேண்டிய கேள்விகளும் ஏறக்குறைய இவைதான்.

எதிர்த்தரப்பில் எப்போதும் கொண்டுவரப்படும் சாட்சி பியேர் தெப்ரோஜ் என்ற பிரெஞ்சு நகைச்சுவைக் கலைஞர். 1986இல் அவர் மேடையில் செய்த, யூதர்களைப் பற்றிய பகுதி பிரான்ஸில் இன்றும் எல்லோருக்கும் தெரியும். அரங்குக்குள் யூதர்கள் சிலர் நுழைந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன் என்று தொடங்குவார். தெப்ரோஜுக்குக் கொடுத்த சுதந்திரத்தைத் தியூதொனேவுக்கு ஏன் கொடுக்கவில்லை என்பது கேள்வி. அந்த முதல் வரியைப் பாருங்கள். அது ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் அக்கம்பக்கத்தாரைக் காட்டிக்கொடுத்தவனின் வாக்கியம். கேட்டதும் பிரெஞ்சுப் பார்வையாளர் முன்னால் ஓர் ஆள் வந்து நிற்கிறான்: மரியாதையான, சலவைச் சட்டை போட்ட, அடுத்தவீட்டு ஆள். அவன் வாயிலிருந்து வருவதைக் கேட்டுச் சிரிக்கச் சிரிக்கத் தம் தாத்தா முகம் நினைவுக்கு வரும். மேடையில் உண்மையான காட்டிக்கொடுப்பவரைக் கொண்டுவந்து பரிசளித்திருந்தால் அந்தப் பகுதியின் கதியும் வேறு.

சொற்பட்டியல் போட்டுக் கோடு வரைந்தால் எப்படிச் சொதப்பும் என்பதற்கு அமெரிக்கா ஒரு சின்ன உதாரணம் தருகிறது. 2006 நவம்பரில் ஹாலிவுட்டின் லாஃப் ஃபேக்டரி கிளப்பில் மைக்கேல் ரிச்சர்ட்ஸ் என்ற வெள்ளை நடிகர், குறுக்கே பேசிய கறுப்பினப் பார்வையாளர்களை நோக்கி இனவசையைக் கொட்டினார். கைபேசிப் பதிவு உலகம் சுற்றியது. அது ஜோக்கே இல்லை, பஞ்ச் கைவிட்ட மனிதரின் கோபம். கிளப் அந்தச் சொல்லையே தடைசெய்து, ஒரு தடவைக்கு இருபது டாலர் அபராதம் என்று விதி போட்டது. அடுத்த மாதமே முதலில் மாட்டியவர் டேமன் வேயன்ஸ். அவர் கறுப்பர். பதினாறு தடவை சொன்னார் என்று எண்ணி 320 டாலர், கூடவே மூன்று மாத மேடைத் தடை. வெள்ளைக்காரர் உமிழ்ந்ததற்குப் போட்ட விதி, அந்தச் சொல்லால் அடிபட்டவர்களில் ஒருவரைப் பிடித்தது.

முன்கூட்டியே தடைசெய்வதும் இதே போலத்தான் வழுக்கும். 2013 இறுதியில் தியூதொனேயின் புதிய நிகழ்ச்சியில், ஒரு யூதப் பத்திரிகையாளரின் பெயரைச் சொல்லி நச்சுவாயு அறைகளை எண்ணி ஏங்கும் வரி ஒன்று பதிவாகி ஒளிபரப்பானது. உள்துறை அமைச்சர் மனுவேல் வால்ஸ் 2014 ஜனவரி 6 அன்று மாவட்ட ஆட்சியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். ஜனவரி 9 நாந்த் நகர நிகழ்ச்சிக்குத் தடை. அன்று பகலில் உள்ளூர் நிர்வாக நீதிமன்றம் தடையை நிறுத்திவைத்தது. மாலையில், டிக்கெட் வாங்கியவர்கள் வாசலில் நிற்க, நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றமான கொன்சேய் தெத்தா தடையை மீண்டும் உயிர்ப்பித்தது. பொது ஒழுங்கு, மனித மாண்பு, ஏற்கெனவே தண்டிக்கப்பட்ட பேச்சு மீண்டும் வரும் வாய்ப்பு ஆகியவை காரணங்கள். இன்னும் பேசாத பேச்சைத் தடுப்பது 1933 முதல் அந்த நீதிமன்றமே காத்துவந்த மரபுக்கு எதிரானது என்று சட்ட வல்லுநர்கள் பலர் முகம் சுளித்தார்கள். அவர்கள் பயந்ததில் பொருள் இருந்தது. 2015 பிப்ரவரியில் கூர்னோன் என்ற ஊரின் மேயர் வேறொரு நிகழ்ச்சியைத் தடுத்தபோது அதே கொன்சேய் தெத்தா மேயர் பக்கம் நிற்கவில்லை. அந்த நிகழ்ச்சி பிற ஊர்களில் கலவரமின்றி நடந்திருந்தது. பெயரை மட்டும் வைத்துத் தடுக்க முடியாது. நிகழ்ச்சிக்குப் பின் வழக்குப் போடுவது மெதுவான வழி, ஆனால் சொல்லப்பட்டதையே எடைபோடுகிறது. தடை, ஆளை எடைபோடுகிறது, ஆளுக்குத் தியாகி வேடமும் கிடைத்துவிடுகிறது.

தியூதொனே போல வெறுப்பை நோக்கி நடந்துபோகிறவர்கள் சிலர்தான். வெறுப்பே இல்லாமல் கோட்டைத் தாண்டுவதுதான் வழக்கம். 2016 இறுதியில் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் இரண்டு பிரபல நகைச்சுவையாளர்கள் சீனர் வேடமிட்டு, சீன உச்சரிப்பில் பேசி ஒரு பகுதி செய்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பாரிஸை அடுத்த ஓபர்வில்லியேயில் சீன வம்சாவளி தையற்காரர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டிருந்தார். சீனர்கள் கையில் எப்போதும் ரொக்கம் வைத்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் வழிப்பறிக்காரர்கள் குறிவைத்தார்கள். அந்த ஜோக்குக்கும் இந்தச் சாவுக்கும் நேர்க்கோடு இல்லை. ஆனால் இரண்டும் ஒரே கிணற்றுத் தண்ணீர்: சீனர் எல்லோரும் ஒரே மாதிரி. ஜோக் அந்தப் பீடிகையை வைத்தது, கவிழ்க்கவில்லை.

இப்படிப்பட்ட வழுக்கலைச் செட் எழுதும் கட்டத்திலேயே பிடிக்க வழிகள் உண்டு. உச்சரிப்பைப் போலிசெய்யும் வரி இருந்தால், யாரும் ஏறிப் பார்க்கலாம் என்ற ஓப்பன் மைக் மேடையில் ஒருநாள் அதே வரியைச் சொந்தக் குரலில் சொல்லிப் பார்க்க வேண்டும். சிரிப்பு வந்தால் வரியில் சரக்கு இருக்கிறது. வரவில்லை என்றால் இத்தனை நாளும் சிரித்தது உச்சரிப்பை மட்டும்தான். அடுத்து, கூட்டத்தின் பெயரை மாற்றிப் போடுவது. குஜராத்திக்குப் பதில் பஞ்சாபி, சீனருக்குப் பதில் கொரியர் என்று போட்டும் ஜோக் அப்படியே நின்றால், அது எந்த மக்களையும் கவனித்து எழுதப்பட்டதல்ல, வெறும் ‘அந்நியன்’ ஜோக். கவனித்து எழுதியது பெயர் மாறினால் உடைந்துவிடும்.

பதிவைப் போட்டுக் கேட்கும்போது நேரத்தைக் குறித்துக்கொள்வது எல்லாவற்றிலும் பயனுள்ளது. சிரிப்பு பஞ்சில் வருகிறதா, பீடிகையிலேயே வந்துவிடுகிறதா? ‘எங்க மாடியில ஒரு ஆப்பிரிக்கன் குடிவந்தான்’ என்று நிறுத்தியதுமே அரங்கு சிரித்தால், அந்தச் சிரிப்பு உங்களுடையதல்ல. பார்வையாளர்கள் வீட்டிலிருந்தே கொண்டுவந்தது. அதன்மேல் பஞ்ச் வைத்தால் அதற்கு வாடகை கொடுக்கிறீர்கள். இந்த இடத்தில் அனுபவசாலிகள் செய்வது, சிரித்தவர்களையே அடுத்த வரியில் பிடிப்பது: ‘இன்னும் ஜோக்கே சொல்லலையே, எதுக்குச் சிரிச்சீங்க?’ அரங்கில் ஒரு நொடி அமைதி விழும். அங்கிருந்து செட் வேறு திசையில் போகலாம். அமெரிக்காவில் டேவ் சாப்பெல் என்ற கறுப்பின நகைச்சுவையாளர் 2005இல் கோடிக்கணக்கான டாலர் ஒப்பந்தத்தையும் தன் தொலைக்காட்சித் தொடரையும் விட்டுப் போனதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, கறுப்பு ஒப்பனையோடு ஒரு பகுதியைப் படம்பிடித்தபோது வெள்ளை ஊழியர் ஒருவர் சிரித்த சிரிப்பு. அந்தப் பகுதி இழிபிம்பத்தைக் கேலிசெய்ய எழுதியது. அந்த ஆள் சிரித்ததோ பிம்பத்தைப் பார்த்து.

இப்போது இன்னொரு சிக்கல் சேர்ந்திருக்கிறது, கிளிப். ஒரு மணி நேர நிகழ்ச்சியில் இருபதாம் நிமிடம் வைத்த பீடிகை ஐம்பதாம் நிமிடம் கவிழலாம். அரங்கில் உட்கார்ந்தவருக்கு அது முழுமை. நாற்பது நொடி ரீல்ஸில் பீடிகை மட்டும் போகிறது, அதைப் பகிர்கிறவர் பீடிகையை நம்புகிறவர். ஆகவே இனம் சார்ந்த பகுதிகளில் திருப்பத்தை அதே மூச்சில், அதே கிளிப்புக்குள் அடங்குமாறு எழுதுவது நல்லது. அது முடியாதென்றால், எடிட்டருக்கு அந்தப் பகுதியின் டைம்கோடை (பதிவில் அது வரும் நேரத்தை) கொடுத்து வெட்டக் கூடாது என்று எழுதியே கொடுத்துவிடலாம்.